செம்பூருக்குப் போன படுக்கை

என் பேத்தி முலுண்டில் எங்களுக்கு அடுத்த தெருவில் இருக்கிறாள். இந்த டிசம்பரில் கணவனோடு கப்பலில் போகப்போகிறாளாம். எந்தக் கப்பல், எந்த அறை என்று இன்னும் முடிவாகவில்லை. சென்ற வாரம் வந்து, கைபேசியில் படங்களைத் தள்ளித் தள்ளிக் காட்டினாள்.

"தாத்தா, நீங்க அந்தக் காலத்துலயே கப்பல்ல போனவராச்சே. சொல்லுங்கோ. உள்பக்கம் ஜன்னலே இல்லாத ரூம் ஒண்ணு இருக்கு. பால்கனி வெச்ச ரூம் ஒண்ணு இருக்கு. எதை எடுக்கட்டும்?"

நான் வாயைத் திறப்பதற்குள் என் மனைவி சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்து, எங்கள் கப்பல் கதையை ஆரம்பித்துவிட்டாள். அதை அவள் எத்தனை தடவை சொல்லியிருக்கிறாள் என்று ஒரு காலத்தில் எண்ணிக்கொண்டிருந்தேன். பிறகு விட்டுவிட்டேன். அவள் சொல்லுகிற கதையில் ஒரு இடம் நடந்தபடி இல்லை. அதைத் திருத்துவதற்காக நான் எழுதவில்லை. அந்த இடம் வரும்போதெல்லாம் எனக்கு யார் ஞாபகம் வருகிறது என்பதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

அறுபதுகளின் நடுவில் நாங்கள் பம்பாயில், மாட்டுங்காவில் இரண்டு அறை வீட்டில் இருந்தோம். குழந்தை பிறந்திருக்கவில்லை. எனக்குக் கோட்டைப் பகுதியில் ஒரு ஆபீஸில் குமாஸ்தா வேலை. என் மனைவியின் அக்கா செம்பூரில் இருந்தாள். அக்காவின் கணவர், அதாவது என் ஷட்டகர், ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் அதிகாரி. என்னைவிட ஆறு வயது மூத்தவர். உயரமானவர், சிரித்த முகம், யாரிடமும் கோபமாகப் பேச மாட்டார். எனக்கு அவரைப் பிடிக்காது.

எண்ணுவது எனக்குச் சிறுவயது முதல் வந்த பழக்கம். பந்தியில் உட்கார்ந்தால் இலைகளை எண்ணுவேன். ரயில் நின்றால் எதிர்ப் பிளாட்பாரத்தில் குடைகளை எண்ணுவேன். அதே பழக்கத்தில், ஷட்டகர் எனக்கு முந்திக்கொண்ட விஷயங்களையும் மனதுக்குள் எண்ணி வைத்திருந்தேன். ரேடியோ, பிரஷர் குக்கர், ஸ்கூட்டர், டெலிபோன், சொந்த பிளாட், டெல்லிக்கு விமானம் என்று அப்போது பதினொன்று ஆகியிருந்தது. ஒவ்வொன்றும் வந்த அன்று என் மனைவி செம்பூருக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, ராத்திரி சாப்பாடு பரிமாறும்போது அதைப் பற்றிச் சொல்லுவாள். குறையாகச் சொல்ல மாட்டாள். சந்தோஷமாகத்தான் சொல்லுவாள். நான் மனதுக்குள் ஒன்றைக் கூட்டிக்கொண்டு மோர் சாதத்தைப் பிசைவேன்.

அந்த வருஷம் டிசம்பரில் அவளுக்கு இருமல். பம்பாய்க் குளிரை வடக்கத்தியர்கள் குளிர் என்றே ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஆனால் மாட்டுங்காவில் கார்த்திகை கழிந்ததும் எல்லோரும் தலையில் மப்ளர் சுற்றிக்கொள்வோம். அவளுக்கு விடியற்காலையில் நெஞ்சு கட்டிக்கொள்ளும். மார்க்கெட் எதிரிலிருந்த டாக்டர், "மாத்திரையால போகாது. நாலு நாள் வெயில் இருக்கற எடமா, கடல் காத்து வர்ற எடமா அழைச்சுண்டு போங்கோ" என்றார்.

அன்று வீடு திரும்பும்போது என் மனைவி நடைபாதையில் நின்று, "ஏன்னா, கப்பல்ல போனா என்ன? நான் கப்பலே ஏறினதில்லை" என்றாள். கொஞ்சம் இருமிவிட்டு, "அக்காவும் ஏறினதில்லை" என்றாள்.

பின்னால் சொன்னது அவளுக்கு வெறும் தகவல். எனக்கு அன்று தூக்கம் வரவில்லை. ஷட்டகர் கப்பல் ஏறியதில்லை! பன்னிரண்டாவதில் நான் முந்திக்கொள்ளலாம். வாழ்க்கையில் ஒரு விஷயத்தையாவது என் மனைவி முதலில் என் பக்கத்தில் நின்று பார்ப்பாள். அதைச் செம்பூரில் போய் அவள் சொல்ல, அவர்கள் கேட்டுக்கொள்வார்கள்.

எந்தக் கப்பல் என்று தேர்ந்தெடுக்க எனக்கு இரண்டு வாரம் பிடித்தது. எலிபெண்டாவுக்குப் போகும் மோட்டார் படகைக் கப்பல் என்று சொன்னால் செம்பூரில் சிரிப்பார்கள். இரத்தினகிரி வரை போகும் கப்பலில் போனால் அங்கே இறங்கி என்ன செய்வது என்று தெரியவில்லை. மிச்சமிருந்தது கோவா கப்பல். கோவா நம்மோடு சேர்ந்து சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. காலையில் பாவுச்சா தக்கா என்ற படகுத் துறையிலிருந்து கிளம்பி, கரையோரமாகவே தெற்கே போய், மறுநாள் காலையில் பன்ஜிமில் சேரும். டிசம்பரில் அங்கே வெயில் இதமாக இருக்கும் என்று ஆபீஸில் என் பக்கத்து மேஜைக்காரர் சொன்னார். அவர் கோவாக்காரர். வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு அதில்தான் ஊருக்குப் போவார்.

"கேபின் எடுக்கட்டுமா, கீழ்த் தளமா?" என்று அவரிடம் கேட்டேன்.

"கேபின் மே க்யா ஹை, மேன்? ஹவா தோ டெக் பே ஹை" என்றார். அறையில் என்ன இருக்கிறது, காற்று தளத்தில்தான் என்று. பிறகு குரலைத் தாழ்த்தி, தளத்தின் சட்டத்தைச் சொன்னார். கீழ்த் தளத்தில் நம்பர் கிடையாது, நாற்காலி கிடையாது. யார் முதலில் படுக்கையை விரிக்கிறார்களோ இடம் அவர்களுடையது. "பிஸ்தர் ஃபேக்கோ, ஜகா தும்ஹாரா." படுக்கையை வீசு, இடம் உன்னுடையது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே துறைக்குப் போய்க் கப்பலைப் பார்த்தேன். கரையில் நின்றபடியே ஆபத்துக் காலத்துக்கான படகுகளை எண்ணினேன். கயிற்றில் தொங்கிய மிதவை வளையங்களை எண்ணினேன். கீழ்த் தளத்தில் கம்பித் தடுப்பு எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று குனிந்து பார்த்தேன். ஒரு சுமைகூலி வாயிலிருந்து பீடியை எடுத்துவிட்டு, "க்யா தேக்தா ஹை, சாப்? ஜஹாஜ் கரீத்னே கா ஹை க்யா?" என்றான். கப்பலையே வாங்கப்போகிறாயா என்று கேட்கிறான். பக்கத்திலிருந்த எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அதற்குள் என் இடத்தை முடிவு செய்துவிட்டிருந்தேன். கப்பல் தெற்கே போகும்போது வலது பக்கம் மேற்கு. வலது பக்கக் கம்பியோரம், மூன்றாவது தூண். சூரியன் கடலில் விழுவது அங்கிருந்து நேராகத் தெரியும். அவள் சாய்ந்துகொள்ளத் தூணும் இருக்கும்.

இவ்வளவு யோசித்த நான் பஞ்சாங்கத்தைப் பார்க்காமல் இருப்பேனா? லீவு கிடைத்தது வியாழக்கிழமையிலிருந்து. வியாழனன்று தெற்கே சூலம். தெற்கு நோக்கிப் புறப்படக்கூடாது. இதற்கு எங்கள் பக்கத்தில் ஒரு வழி உண்டு. பரஸ்தானம் வைப்பது என்பார்கள். முந்தைய நாளே நல்ல வேளை பார்த்து, பயண மூட்டையில் ஒன்றைக் கொண்டுபோய் வேறு ஒருவர் வீட்டில் வைத்துவிட வேண்டும். மூட்டை வெளியே போன நேரமே நாம் புறப்பட்ட நேரமாகிவிடும். அப்புறம் சூலம் நம்மை ஒன்றும் செய்யாது. ஆனால் அந்த மூட்டையைத் திரும்ப வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது. போகிற வழியில்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

புதன்கிழமை நல்ல வேளை நான் ஆபீஸில் இருக்கும் நேரத்தில் வந்தது. "ஏதாவது ஒரு மூட்டையை யார் ஆத்துலயாவது வெச்சுடு" என்று அவளிடம் சொல்லிவிட்டுப் போனேன். எங்கள் கட்டடத்து மூன்றாம் மாடியில் வைப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் வந்து பார்த்தால் ஹோல்டாலைக் காணோம். எங்கள் ஜமக்காளம், போர்வை, தலையணை எல்லாம் அதில்தான் சுருட்டிக் கட்டியிருந்தோம்.

"வெச்சாச்சா?"

"ஆச்சு. செம்பூர்ல."

"செம்பூர்லயா!"

"ஏன் கத்தறேள்? மூணாம் மாடியில அவாளுக்குத் தீட்டு. அக்கா ஆம் இருக்கச்சே நான் யாராத்து வாசல்ல போய் நிக்கறது? பஸ்ஸுல ஏத்திண்டு போனேன். கண்டக்டர் திட்டினான்."

"அவாகிட்ட என்ன சொன்னே?"

"கப்பல்ல போறோம்னு சொன்னேன். வேற என்ன சொல்லணும்? திருடிண்டா போறோம்?"

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். தெற்கே போகிறவனுடைய மூட்டை கிழக்கே போயிருக்கிறது என்பது ஒரு கவலை. அதைவிடப் பெரிய கவலையை அவளிடம் சொல்ல முடியவில்லை. போய் வந்த பிறகு செம்பூருக்குத் தெரியட்டும் என்று இத்தனை நாள் மூடி வைத்திருந்தேன். ஆனால் மூடி வைத்திருக்கிறேன் என்று அவளிடம் நான் சொன்னதே இல்லை.

"சரி, அதை இப்போ எப்படி எடுக்கறது?"

"அத்திம்பேர் கார்த்தால தக்காவுக்கே கொண்டுவந்து கொடுத்துடறேன்னுட்டார். ஆபீஸ் கார் இருக்காம். ஆத்துக்குத் திரும்பக் கொண்டுவரப்படாதோல்லியோ? நீங்கதானே சொன்னேள்."

மறுநாள் துறைக்கு முதலில் வந்தவர்களில் நாங்களும் இருந்தோம். எங்களுக்கு முன்னால் பதினான்கு பேர்தான். கயிற்றைத் தூக்கியதும் கூட்டத்தோடு ஓடினேன். மூன்றாவது தூணருகே ஒரு ஈ எறும்புகூட இல்லை. நான் போய் நின்றேன். வீசுவதற்குக் கையில் படுக்கை இல்லை. புளியோதரைத் தூக்கையும் தயிர்சாதத் தூக்கையும் தரையில் வைத்துப் பார்த்தேன். ஒரு பெரிய குடும்பம் வந்து, தூக்குகளை மரியாதையாக நகர்த்தி வைத்துவிட்டு, பாயை விரித்து உட்கார்ந்துவிட்டது. இது எங்கள் இடம் என்றேன் இந்தியில். "பிஸ்தர் கிதர்?" என்றார் அந்தக் குடும்பத் தலைவர். படுக்கை எங்கே? செம்பூரில் இருக்கிறது என்று எப்படிச் சொல்வது?

நேரம் ஆக ஆகக் கம்பியோரம் முழுவதும் பாயும் போர்வையுமாக நிறைந்துவிட்டது. என் மனைவி கரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கப்பல் கிளம்பக் கொஞ்ச நேரம் இருக்கும்போது ஷட்டகர் எங்கள் ஹோல்டாலைத் தாமே தோளில் தூக்கிக்கொண்டு, சிரித்துக்கொண்டே பலகையில் ஏறி வந்தார். பின்னால் அவர் மனைவி. அவளுக்குப் பின்னால் ஒரு கூலி, தலையில் இரண்டு தோல் பெட்டி.

"இந்தாரும் ஓய், உம்ம பரஸ்தானம். சூலத்தை ஏமாத்திட்டீர், போம்!" என்று ஹோல்டாலை இறக்கினார். "நேத்து இதைப் பார்த்ததுலேர்ந்து இவளுக்கும் ஆசை வந்துடுத்து. கம்பெனி ஏஜெண்டுக்கு ஒரு போன் போட்டேன், மேலே ஒரு கேபின் காலியா இருந்தது. எல்லாருமா சேர்ந்து போனா நன்னாத்தானே இருக்கும்?"

அக்காவும் தங்கையும் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் பக்கத்தில் கூடைகளோடு நின்ற ஒரு கொங்கணி அம்மாள் திரும்பிப் பார்த்தாள். ஒரு டெலிபோன் போதும் என்றால் நான் இரண்டு வாரம் எதற்கு யோசித்தேன் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. "ரொம்ப சந்தோஷம்" என்று சொன்னேன்.

கடைசியில் எங்களுக்குக் கிடைத்தது மேல் தளத்துக்குப் போகும் படிக்கட்டின் அடி. ஒரு பக்கம் இயந்திர அறையின் சுவர், தொட்டால் சுட்டது. மறுபக்கம் கருவாட்டுக் கூடைகளோடு அந்தக் கொங்கணி அம்மாள். கடல் தெரியவில்லை. மனிதர்களின் கால்கள்தான் தெரிந்தன. தலைக்கு மேலே செருப்புகள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. என் மனைவி ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சுவரின் சூடு நெஞ்சுக்கு இதமாக இருக்கிறது என்றாள். வேண்டுமென்றே சொன்னாளோ என்று எனக்குச் சந்தேகம்.

மத்தியானம் சாப்பிட்டு முடித்தோம். வெயில் சாய ஆரம்பித்தபோது ஷட்டகர் படியில் இறங்கி வந்து குனிந்தார்.

"மேலே வாங்கோ ரெண்டு பேரும். நாலு சாய்வு நாற்காலி பிடிச்சு வெச்சிருக்கேன். கீழ் டிக்கெட்காராளைப் படியில நிக்கற ஆள் விட மாட்டான்தான், ஆனா நான் சொல்லிட்டேன். ஒண்ணும் சொல்ல மாட்டான்."

"படுக்கையை யார் பார்த்துக்கறது? எழுந்தா எடம் போயிடும்" என்றேன்.

"இந்த எடத்தை யார் ஓய் எடுத்துக்கப்போறா?" என்றார். கேலி இல்லாமல், உண்மையாகவே கேட்டார்.

என் மனைவி என்னைப் பார்த்தாள். "நான் மட்டும் போயிட்டு வரட்டுமா? அக்கா தனியா இருப்பா."

"போயேன்" என்றேன். நான் சொன்ன விதத்தில் போகாதே என்பது இருந்தது. கல்யாணமாகி நாலு வருஷத்தில் அவளுக்கு என் குரல் நன்றாகத் தெரியும். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு படியேறிப் போனாள். அவள் செருப்பு என் தலைக்கு மேலே போய் மறைந்தது.

நான் ஜமக்காளத்தின் நடுவில் உட்கார்ந்து கருவாட்டுக் கூடைகளை எண்ணினேன். ஒன்பது. மேலே சிரிப்புச் சத்தம் கேட்டது. யாருடைய சிரிப்பு என்று பிரித்துப் பார்க்க முயன்றேன். அப்போது வலது பக்கம் திடீரென்று ஒரே கூச்சல். எல்லோரும் எழுந்து கம்பிக்கு ஓடினார்கள். "மச்சி! மச்சி!" என்று ஒருவன் கத்தினான். மீனாம். குழந்தைகளைத் தோளில் தூக்கினார்கள். எனக்கு எதிரே முதுகுகள்தான் தெரிந்தன.

கூடைக்கார அம்மாள் என்னைப் பார்த்து, "ஜா, தேக். மை ஹை இதர்" என்றாள். போய்ப் பார், நான் இருக்கிறேன் இங்கே.

நான் ஹோல்டாலைப் பார்த்தேன், தூக்குகளைப் பார்த்தேன், அவளைப் பார்த்தேன். சால்வையை இடத்தில் போட்டு, அதன்மேல் தூக்கை வைத்து, தூக்கின் மேல் செருப்பை வைக்கலாமா கூடாதா என்று யோசித்து, கடைசியில் எழுந்து போய் முதுகுகளுக்கு நடுவே தலையை நுழைத்தேன். கடல் எண்ணெய் தடவினதுபோல் இருந்தது. சூரியன் இருந்தது. வேறொன்றும் இல்லை. "கயா" என்றான் கத்தினவன். போய்விட்டன.

அவள் இறங்கி வந்தபோது முகம் முழுக்கச் சிவந்திருந்தது. "பார்த்தேளா? பார்த்தேளா? டால்பின்! கூட்டம் கூட்டமா வந்தது. கப்பலோட கூடவே குதிச்சு குதிச்சு... அத்திம்பேர்தான் மொதல்ல பார்த்தார். 'அதோ பார், அதோ பார்'னு கையைக் காட்டினார். எனக்கு மொதல்ல எங்கேன்னே தெரியலை. அப்பறம்... அப்பப்பா!" என்று என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகுதான் என்னைச் சரியாகப் பார்த்தாள். "நீங்க பார்த்தேளோன்னோ?"

"பார்த்தேன்" என்றேன்.

"எத்தனை?"

எண்ணுகிறவனிடம் வேறு என்ன கேட்பாள்? நான் தூக்குகளை வரிசையாக நகர்த்தி வைத்தேன். அவள் மறுபடி கேட்கவில்லை. தயிர்சாதத் தூக்கைத் திறந்து, எனக்கு முதலில் போட்டாள்.

கோவாவைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. வெயில் இதமாக இருந்தது. ஷட்டகர் டாக்ஸி வைத்தார். என் மனைவிக்கு இருமல் நின்றுவிட்டது. அதையாவது நான் சாதித்தேன் என்று வைத்துக்கொள்ளலாம். திரும்பி வரும்போது ஹோல்டாலைக் கைவிடாமல் முதலில் ஏறி மூன்றாவது தூணைப் பிடித்தேன். வழியெல்லாம் கடலைப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஒரு மீன்கூடத் தலையைக் காட்டவில்லை.

பொங்கலுக்கு மறுநாள் செம்பூரில் சாப்பாடு. ஷட்டகருடைய ஆபீஸ் நண்பர்கள் இரண்டு பேர் மனைவிகளோடு வந்திருந்தார்கள். கப்பல் பேச்சு வந்தது. என் மனைவியைச் சொல்லச் சொன்னார்கள். அவள் நன்றாகக் கதை சொல்லுவாள். கூடைகள், சுடுகிற சுவர் எல்லாவற்றையும் சொல்லிச் சிரிக்க வைத்தாள். நான் சாத்துக்குடியை உரித்துக்கொண்டு, அந்த இடம் வருவதற்காகக் காத்திருந்தேன்.

"அப்போ பாருங்கோ, கடல்ல டால்பின்! இவர்தான் மொதல்ல பார்த்தார். 'அதோ பார், அதோ பார்'னு எனக்குக் கையைக் காட்டினார்" என்றாள். கையை நீட்டி என்னைத்தான் காட்டினாள்.

என் கையிலிருந்த சுளை அப்படியே நின்றது. அவள் என் பக்கம் திரும்பவில்லை. அவள் அக்கா, "என்னடீ நீ..." என்று வாயெடுத்தாள். அதற்குள் ஷட்டகர் சாய்வு நாற்காலியிலிருந்து நிமிர்ந்தார்.

"ஆமாம், ஆமாம். இவருக்குத்தான் மொதல்ல கண்ணுல பட்டது" என்றார். "எனக்குக் கண்ணாடி கேபின்லயே இருந்துது. இவர் காட்டலைன்னா நான் எங்கே பார்த்திருக்கப்போறேன்?"

குளிக்கும்போது தவிர அந்த மனிதர் கண்ணாடியைக் கழற்றி நான் பார்த்ததில்லை. நண்பர்கள் என் பக்கம் திரும்பி, எப்படி இருந்தது, எத்தனை இருந்தது என்று கேட்டார்கள். "ஏழெட்டு இருக்கும்" என்றேன். ஷட்டகர் தலையாட்டினார்.

அன்று ராத்திரி மாட்டுங்காவுக்குத் திரும்புகிற பஸ்ஸில் எனக்கு ஆத்திரம் ஆறவில்லை. அவள் கொடுத்ததை நான் வாங்கிக்கொள்ளலாம், அவள் என் மனைவி. இவர் எதற்குக் கொடுக்கிறார்? தான் பார்த்ததை இன்னொருவனுக்கு இவ்வளவு லேசாகக் கொடுத்துவிட எனக்கு வராது. இன்றைக்கும் வராது. பன்னிரண்டிலும் அவரே முந்திக்கொண்டார். கப்பலைச் சொல்லவில்லை.

அவர் போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகிவிட்டன. அதற்கப்புறமும் என் மனைவி அந்தக் கதையை அப்படியேதான் சொல்லி வருகிறாள். வேண்டுமென்றே சொல்கிறாளா, சொல்லிச் சொல்லி அப்படியே நடந்ததாக நம்பிவிட்டாளா என்று நான் கேட்டதில்லை.

சென்ற வாரமும் பேத்தியிடம் சொல்லி முடித்தாள். "உங்க தாத்தாதான் மொதல்ல பார்த்தார்" என்றாள்.

"நிஜமாவா தாத்தா?" என்றாள் பேத்தி.

நான் அவள் கைபேசியை வாங்கி, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படங்களைப் பார்த்தேன்.

"மேல் தளத்துலயே எடு. பால்கனி வெச்சது. வலது பக்கம்" என்றேன். "ரெண்டு நாற்காலி இருக்கான்னு பார்த்துக்கோ. யார் கூப்பிட்டாலும் உன் ஆம்படையானை விட்டுட்டு எழுந்து போகாதே."